ஜுரம் விட்டது, இரும்பு விடவில்லை

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை ஒரே ஸ்லைடில் இரண்டு விதமாக வைப்போம். ஒரு பக்கம் தடிப்பாக ஒரு வட்டம், பக்கத்திலேயே மெல்லிசாக இழுத்துவிட்ட ஒரு பூச்சு. கிருமி இருக்கிறதா என்று தடித்த பூச்சு சொல்லும். எந்தக் கிருமி என்று மெல்லிய பூச்சு சொல்லும். காய்ந்ததும் சாயம் ஏற்ற வேண்டும். தனியார் லேபில் பெரும்பாலும் லீஷ்மன் சாயம். அரசு மலேரியாப் பிரிவில் ஜே.எஸ்.பி. சாயம் என்பார்கள். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இருவர் 1944இல் உருவாக்கியது அது. விலை குறைவு, சீக்கிரம் ஏறும் என்பதால் நாடு முழுக்கப் பரவியது. கழுவி உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கிப் பார்ப்போம். தடித்த பூச்சில் குறைந்தது 100 இடங்களாவது பார்க்காமல் ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது என்பது எங்களுக்குப் பாடம்.

மீஞ்சூர் பஜார் பக்கம் சின்னதாக ஒரு லேப் நடத்துகிறேன். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை என்று எல்லாமும் வரும். மழைக்காலம் தொடங்கியதும் ஜுரக்காரர்கள் கூடுவார்கள். அவர்களுடைய ஸ்லைடை வைத்துக்கொண்டு உட்காரும்போது என் கண் தேடுவது கிருமியை மட்டுமல்ல, கிருமியின் வயிற்றில் கிடக்கும் பழுப்புப் பொடியையும்தான். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் சிவப்பணு வழக்கத்தைவிடப் பெருத்து வெளிறிக் கிடக்கும். அதற்குள் கிருமி கை கால் நீட்டிய மாதிரி பரந்திருக்கும். அதன் மேல் மஞ்சளும் பழுப்புமாகச் சிதறிய துகள்கள். சாயமே ஏற்றாத ரத்தத்திலும் அந்தத் துகள்கள் தெரியும், ஏனென்றால் அது நாங்கள் கொடுத்த நிறமல்ல. மனிதனுடைய ரத்தத்தைத் தின்றுவிட்டுக் கிருமி மிச்சம் வைத்தது. ஹீமோசோயின் என்று அதற்குப் பெயர்.

இந்தத் துகளுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் மலேரியா கிருமியை முதன்முதலாகக் கண்டுகொண்டபோது அவர் கண்ணைப் பறித்தது இந்த நிறமிதான். மெட்ராஸ் பிரிவில் மருத்துவப் பணிக்குச் சேர்ந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். அங்கிருந்த வட்டமான செல்களுக்குள் இதே நிறமி தெரிந்ததால்தான், மனித ரத்தத்தில் இருந்தது இங்கேயும் வந்திருக்கிறது என்று அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. கொசுவையும் மலேரியாவையும் இணைத்துக் காட்டிய சாட்சி அது. இதயத்துக்கு மலேரியா செய்யும் கேட்டையும் இந்தத் துகளிலிருந்துதான் தொடங்கிச் சொல்ல வேண்டும்.

ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். அந்த இரும்பு ஹீம் என்ற வளையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஹீமைச் சுற்றிலும் புரதம் மூடியிருக்கிறது. அந்த மூடி இருக்கும்வரை இரும்பு ஒழுங்காக ஆக்சிஜனை வாங்கும், கொடுக்கும். மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, அந்த ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல், முக்கால் பங்கு வரைகூட, கடித்துச் செரித்துவிடுகிறது. புரதம் அதற்கு உணவு. மூடி போனதும் இரும்போடு ஹீம் அம்மணமாக நிற்கிறது. அது கிருமிக்கே விஷம். அதனால்தான் கிருமி அதைத் தண்ணீரில் கரையாத படிகமாகக் கட்டி ஓரமாகப் போட்டு வைக்கிறது. நான் ஸ்லைடில் பார்க்கும் பழுப்புப் பொடி அதுதான். பழைய மருந்தான குளோரோகுயின் இந்தப் படிகம் கட்டும் வேலையைத்தான் தடுக்கிறது. படிகம் கட்ட முடியாமல், தான் அவிழ்த்துவிட்ட ஹீமாலேயே கிருமி சாகிறது.

துருவைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் நிற்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்கு வைத்திருப்பார்கள். இரும்பு ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைப் பறிகொடுப்பதுதான் துரு. உடம்புக்குள்ளும் நடப்பது அதே கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் கம்பி துருப்பிடித்தால் கெடுவது கம்பி மட்டும். ரத்தத்தில் அவிழ்ந்த இரும்பு கெடுப்பது, தன் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும். இரும்பிலிருந்து நழுவிய எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் நிலைகொள்ளாமல் திரிகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அந்தப் பெராக்சைடு மறுபடி இரும்போடு சேரும்போது ஹைட்ராக்சில் என்ற ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் எவ்வளவு மூர்க்கமாக வினை நடக்கும் என்பதை ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894இலேயே எழுதிவைத்துவிட்டார். அந்த ராடிக்கல் பிறந்த இடத்திலேயே, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள், எது அகப்படுகிறதோ அதைத் தாக்கும். செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பு, புரதம், மரபுப்பொருள், எதுவும் விலக்கல்ல. கொழுப்பு இப்படிக் கெடும்போது மாலோண்டயல்டிஹைடு என்றொரு கழிவு உண்டாகும். மலேரியா நோயாளிகளின் ரத்தத்தில் அதன் அளவு உயர்ந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி இதயத்துக்கு வருவோம். வைவாக்ஸ் ஆனாலும் ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா ஆனாலும் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கிருமி முற்றி, சிவப்பணுக்கள் கூட்டமாக வெடிக்கின்றன. நடுக்கம் வரும் நேரம் அதுதான். வெடித்த அணுக்களிலிருந்து மிச்ச ஹீமோகுளோபினும் ஹீமும் ரத்தத்தில் கொட்டுகின்றன. இவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்த நம் உடம்பில் ஹாப்டோகுளோபின், ஹீமோபெக்சின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தீவிர மலேரியாவில் அவை தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு ஹீம் நேராக ரத்தக்குழாயின் உட்சுவரில் போய் ஒட்டுகிறது. கூடவே, குழாய்களைத் தளர்த்தி விரித்து வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை, வெளியில் திரியும் ஹீமோகுளோபின் உறிஞ்சிவிடுகிறது. குழாய்கள் சுருங்குகின்றன. கிருமியை ஒழிக்க வரும் வெள்ளணுக்களும் தம் பங்குக்கு ராடிக்கல்களைத்தான் பீய்ச்சுகின்றன. அவற்றின் ஆயுதமே அது.

இத்தனையும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும்கூடத்தான் நடக்கிறது. ஆனால் இதயத்தின் நிலைமை வேறு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அது சுருங்கி விரிகிறது, ஒரு நொடியும் லீவு கிடையாது. அதனால் இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் இடம் அது. நல்ல நாளிலேயே அங்கே கொஞ்சம் எலக்ட்ரான் கசியும். நோயின் நாளில் கசிவு பெருகும். அந்தக் கசிவைத் துடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி ஈரலில் ஏராளம், இதயத்தில் குறைவு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடம்பின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இதயம் ஓய்வாக இருக்கும்போதே, தனக்கு வரும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. மலேரியாவால் ரத்தம் குறைந்தால், கூடுதலாக எடுத்துச் சமாளிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கெட்ட செல்லுக்குப் பதில் புதுச் செல் முளைக்குமா என்றால், தோலில் முளைக்கும், ஈரலில் முளைக்கும். இதயத்தில் எவ்வளவு என்பதை 2009இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான வழியில் கண்டுபிடித்தார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டு சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, மனிதர்களின் செல்களிலும் ஏறியிருந்தது. அதை வைத்து இதயச் செல்களுக்கு வயது கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அதிலும் பாதிதான். அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த செல்களில் பெரும்பாலானவற்றோடுதான் கடைசிவரை காலந்தள்ளுகிறோம்.

அத்திப்பட்டுப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு வெல்டர். ஜார்க்கண்ட் பையன், இருபத்துநாலு இருபத்தைந்து வயதிருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பியவன், ஒரு வாரமாக ஜுர மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். ஃபால்சிபாரம். மெல்லிய பூச்சில் ஊசிமுனையால் வரைந்த மாதிரி நுண்ணிய வளையங்கள், ஒரே அணுவில் இரண்டு மூன்று. வெள்ளணுக்களைப் பார்த்தேன். பலவற்றுக்குள் பழுப்புத் துகள் அப்பியிருந்தது. வெடித்த குப்பையை அவை விழுங்கியிருக்கின்றன என்று பொருள். அது நோய் முற்றியதற்கான அடையாளம். ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போட்டேன்.

இந்த வகை மலேரியாவில் ஒரு பயங்கரம் இருக்கிறது. ஸ்லைடில் எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இளம் வளையங்கள் மட்டுமே. முற்றிய கிருமிகளைச் சுமக்கும் அணுக்கள் பசைபோட்ட மாதிரி நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு விரல் நுனிக்கு வருவதே இல்லை. மூளை, நுரையீரல், இதயத் தசை என்று உள்ளே தங்கிவிடுகின்றன. ஃபால்சிபாரத்தால் இறந்தவர்களின் இதயத்தைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்த மருத்துவர்கள், தந்துகிகள் முழுக்க இப்படி அடைத்துக்கொண்ட அணுக்களைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஸ்லைடில் நான் எண்ணும் கணக்கு உள்ளே இருப்பதன் முழுக் கணக்கு அல்ல. ஒட்டிய இடத்தில் ரத்தம் ஓடாது, ஆக்சிஜன் போகாது. மருந்து வேலை செய்து அடைப்பு விலகி ஆக்சிஜன் திரும்ப வரும்போது, அதுவரை பட்டினி கிடந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ராடிக்கல்கள் இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

அந்தப் பையனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஈசிஜி மாறியிருந்தது. இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் டிரோபோனினும் ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டான். திரும்பி வந்தபோது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது, கொஞ்ச காலம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் ஆள் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஜுரம்தான் விட்டுடுச்சே மேடம், ரிப்போர்ட்லயும் கிருமி இல்லன்னு வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு ரெஸ்ட்?” அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிருமி போனால் நோய் போச்சு. அது உண்மையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த உண்மையைத் தெளிவாக நிரூபித்தது மலேரியா அல்ல, தென் அமெரிக்காவின் சாகஸ் நோய். 1909இல் பிரேசிலின் லாசான்ஸ் என்ற ஊரில், ரயில் பாதை போடும் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கப்போன கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்தது. மண்சுவர் இடுக்கில் வாழும் ஒரு ரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சி வகை, கடித்த இடத்தின் பக்கத்திலேயே கழிக்கும். அந்தக் கழிவிலுள்ள டிரிபனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி, சொறியும்போது உள்ளே போகிறது. முதல் ஜுரம் தானாகவே அடங்கிவிடும். பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்து, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு வரை இதயம் பெருத்துத் தளர்கிறது. உலகில் சுமார் 70 லட்சம் பேர் உடம்பில் இந்த ஒட்டுண்ணி இருக்கிறது. இதயத்தை நேராகக் குடியிருப்பாக எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணி என்பதால், ஆக்சிஜனேற்றச் சேதம் பற்றிய ஆராய்ச்சி இங்கேதான் ஆழமாக நடந்தது.

அதில் முன்னால் நிற்பவர் ஓர் இந்திய வம்சாவளிப் பெண் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நிஷா ஜெயின் கார்க். ஒட்டுண்ணி தாக்கிய இதயத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் சங்கிலி எங்கே அறுகிறது, அங்கிருந்து ராடிக்கல் எப்படிக் கசிகிறது, கசிந்தது மறுபடி அதே சங்கிலியை எப்படிக் கெடுக்கிறது என்று படிப்படியாக அவருடைய குழு காட்டியது. ஒருமுறை தொடங்கிவிட்டால் ஒட்டுண்ணியின் துணை இல்லாமலேயே அந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். எலிகளுக்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் மருந்தோடு, ராடிக்கலைப் பிடிக்கும் ஒரு ரசாயனத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது இதயம் நன்றாகத் தப்பியது.

மனிதர்களில்? 2015இல் பெனிஃபிட் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே இதயம் கெட்டுப்போன 2,854 சாகஸ் நோயாளிகள். பாதிப் பேருக்கு பென்ஸ்நிடசோல், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணி வெகுவாகக் குறைந்தது. இதயம் மேலும் மோசமாவது மட்டும் குறிப்பிடும்படி குறையவில்லை. கிருமியைக் கொன்றார்கள், ஆனால் கொன்ற நேரம் தாமதம். சிறு வயதில், தொற்றிய ஆரம்பத்தில் கொடுத்தால் அதே மருந்து நன்றாக வேலை செய்கிறது.

யாரும் பயந்துவிட வேண்டாம். சாகஸ் நோய் நம் ஊரில் பரவவில்லை. மலேரியாவும் அப்படி வருஷக்கணக்கில் இதயத்தில் குடியிருக்காது. எங்கள் பக்கம் அதிகம் தென்படும் வைவாக்ஸில் பெரும்பாலானோரின் இதயத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ரத்தம் குறையும், சில வாரம் அசதி இருக்கும், தேறிவிடுவார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், ரத்தசோகை உள்ளவர்கள், ஃபால்சிபாரத்தை ஒரு வாரம் வளரவிட்டவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து. மலேரியாவுக்கும் சாகஸுக்கும் பொதுவாக இருப்பது நேரம் என்ற ஒன்று. முதல் ஜுரத்துக்கும் முதல் ஸ்லைடுக்கும் நடுவே எத்தனை வெடிப்பு நடக்க விட்டோம் என்பது.

மீஞ்சூரில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் நிலத்தடி நீர் சென்னைக்கே குடிக்கப் போயிற்று. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் இறைத்தார்கள். 1960களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறுவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் இறைப்பது நிற்கவில்லை. இன்று பல தெருக்களில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. 2010இல் காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன் தண்ணீர் வடசென்னைக்குப் போகிறது. நாங்கள் லாரியும் கேனும் குழாயும் வரும் நேரம் பார்த்து டிரம்மிலும் சின்டெக்ஸிலும் பிடித்து வைக்கிறோம். அனாபிலஸ் ஸ்டீபென்சை என்ற நகரத்து மலேரியா கொசுவுக்கு வேண்டியது அதுதான். அது சாக்கடையைத் தேடாது. மூடாத தொட்டியில் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பகுதி சென்னையில் பதிவானதற்கு இந்தக் கொசுவும் மொட்டைமாடித் தொட்டிகளும்தான் காரணம்.

இந்தக் கொசு ஊர் ஊராகப் போகிறது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இறங்கி அங்கே மறுபடி மலேரியாவைக் கிளப்பியது. இலங்கை 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய ஒரு மலேரியாவும் இல்லாமல், 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார் தீவின் கிணறுகளில் ஸ்டீபென்சை இருப்பதைக் கண்டார்கள். கொசு இருந்தால் மட்டும் போதாது, கிருமியோடு ஓர் ஆளும் வர வேண்டும் என்பதால் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் அவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள்.

எங்களிடம் கொசுவும் இருக்கிறது, ஆட்களும் வருகிறார்கள். ஹவுரா, புவனேஸ்வர் ரயில்கள் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்குப் போகின்றன. வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகள் என்று எங்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள். அவர்களில் பலர் ஃபால்சிபாரம் நிறைந்த காட்டுப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள். அவர்களைப் பார்த்து ‘நோயைக் கொண்டுவருகிறார்கள்’ என்று முகஞ்சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரே அறையில் ஷிஃப்ட் முறையில் பத்துப் பேரைப் படுக்கவைத்து, மாடியில் மூடியில்லாத தொட்டியை வைத்து, ஜுரம் என்றால் கூலி வெட்டு என்று சொல்கிற ஏற்பாடு அவர்கள் செய்ததல்ல. இந்தியாவில் 2015இல் 11 லட்சத்துக்கு மேல் இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்திருக்கிறது. 2030க்குள் ஒழிப்பது இலக்கு. மிச்சமிருப்பதில் ஒரு பங்கு இப்படிப்பட்ட அறைகளிலும் இருக்கிறது.

மருந்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதயத்தைக் கெடுக்கும் அதே ஆக்சிஜனேற்றம்தான் மருந்துகளின் ஆயுதமும். 1970களின் தொடக்கத்தில் சீனாவில் டூ யூயூ பிரித்தெடுத்த, 2015இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்த ஆர்டிமிசினின் தன் மூலக்கூறுக்குள் ஒரு பெராக்சைடுப் பிணைப்பை வைத்திருக்கிறது. கிருமி அவிழ்த்த ஹீமின் இரும்பு பட்டதும் அது உடைந்து, கிருமிக்குள்ளேயே ராடிக்கல்களாக வெடிக்கிறது. கிருமி எவ்வளவு ரத்தம் தின்றிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாகும்.

அப்படியானால் ராடிக்கலைத் துடைக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் பவுடர் சாப்பிட்டால் இதயம் தப்பிக்குமா? பார்மசியில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பவர்கள் உண்டு. தீவிர மலேரியா நோயாளிகளுக்கு என்-அசிட்டில் சிஸ்டீன் என்ற வலுவான ஆன்டி-ஆக்சிடன்டை ஊசி வழியாகவே ஏற்றிப் பார்த்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. பலனில்லை. வங்கதேசத்தில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வில், தீவிர மலேரியாக்காரர்களுக்கு முறையாகப் பாராசிட்டமால் கொடுத்தபோது சிறுநீரகம் ஓரளவு காப்பாற்றப்பட்டது. வெளியில் திரியும் ஹீமோகுளோபினின் இரும்பை அது அடக்குவதே காரணம் என்று கருதுகிறார்கள். அதுவும் ஆஸ்பத்திரியில், கிருமிக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது. வீட்டில் பாராசிட்டமாலை மட்டும் போட்டுக்கொண்டு ஜுரத்தை அமுக்குவதற்கு இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. வெல்டர் பையன் செய்தது அதைத்தான்.

வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின் தருகிறார்கள். ஈரலில் தூங்கிக்கிடக்கும் கிருமிகளை ஒழிக்கும் மாத்திரை பிரைமாகுயின். மூன்றாம் நாளே ஜுரம் விட்டுவிடுவதால் மீதி மாத்திரை தகர டிரங்குக்குள் போய்விடும். “அக்கா, அச்சா ஹோ கயா, இனி வேணாம்” என்பார்கள். வேண்டும் தம்பி என்று நான் அவர்களை உட்காரவைத்துச் சொல்வது இதுதான்: விட்டால் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப வரும். வரும் ஒவ்வொரு முறையும் ரத்தம் வெடிக்கும், இரும்பு கொட்டும், போன தடவை குறைந்த ரத்தம் ஏறுவதற்குள் இதயம் மறுபடி ஓட வேண்டியிருக்கும்.

பிரைமாகுயினை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தரவும் முடியாது. அதுவும் ஆக்சிஜனேற்றம் செய்கிற மருந்துதான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுவுக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது. கிருமி செய்யும் வேலையை மருந்தே செய்துவிடும், சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும். 1956இல் கண்டறியப்பட்ட இந்தக் குறைபாடு, நடு, கிழக்கு இந்தியாவின் சில பழங்குடிச் சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. எங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறவர்களில் அந்தச் சமூகங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வா என்று சொல்லி அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம். புது ஊரில், இருட்டுக் கழிவறையில், மொழி தெரியாத ஒருவன் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத் தன் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜி6பிடி குறைவு இருக்கிறதா என்று ஒரு சொட்டு ரத்தத்தில், சர்க்கரை பார்க்கும் மெஷின் அளவே உள்ள கருவியில் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். மலேரியா ஸ்லைடு பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், முதலில் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில், அந்தக் கருவி இருக்க வேண்டும். ஸ்லைடும் அந்தச் சோதனையும் ஒரே குத்தலில் முடிந்துவிடும். 14 நாளுக்குக் கூலி வெட்டாமல் மாத்திரையைக் கண்ணெதிரே கொடுக்கும் பொறுப்பைக் கான்ட்ராக்ட் எடுத்தவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டும், ஆட்களை இறக்கும் நாளிலேயே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்லைடு பார்க்கப் பணம் கிடையாது, மாத்திரைக்கும் கிடையாது. என் லேபுக்கு வருவதற்கு முன்னால் அங்கே போங்கள், ஜுரம் வந்த முதல் நாளே போங்கள்.